கம்பளத்துக்கு அடியில்

இங்மர் பெர்க்மானின் ‘ஒரு திருமண வாழ்க்கையின் காட்சிகள்’ தொடரைப் பற்றித் தேடினால் ஒரு கதை தவறாமல் வந்து நிற்கும்: 1973-ல் ஸ்வீடன் டிவியில் இது ஒளிபரப்பானதும் அங்கே விவாகரத்துகள் எகிறிவிட்டனவாம். எகிறியது உண்மை. ஆனால் 1974 ஜனவரி 1 முதல் அங்கே சட்டமே மாறிவிட்டது. யார் மேல் தப்பு என்று நிரூபிக்காமலே பிரியலாம். இரண்டு மாற்றங்களை அடுத்தடுத்து ரிலீஸ் செய்துவிட்டு, ஒன்றின் மேல் மட்டும் பழி போட்டால் எங்கள் ஆபீஸில் சிரிப்பார்கள்.

சரி, தொடருக்கு வருவோம். ஆறு எபிசோடுகளில் அந்தக் கல்யாணம் எந்த இடத்தில் உடைகிறது?

மூன்றாவதில் என்றுதான் தோன்றும. யோஹான் (எர்லண்ட் யோசப்சன்) ராத்திரி வீட்டுக்கு வந்து, பவுலா என்ற பெண்ணோடு பாரிஸ் போகப்போவதாகச் சொல்கிறான். மனைவி மரியான் (லிவ் உல்மன்) அழுகிறாள், கெஞ்சுகிறாள், நடுவில் பெட்டி அடுக்கவும் உதவுகிறாள். அவன் போனபிறகு நண்பர் வீட்டுக்கு போன் செய்தால், அவர்களுக்கு விஷயம் முன்பே தெரியும்!

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டாவது எபிசோட். கம்பளத்துக்கு அடியில் குப்பையைத் தள்ளும் கலை என்கிற மாதிரி அதற்குத் தலைப்பு. மரியான் விவாகரத்து வழக்குகள் பார்க்கும் வக்கீல். யாகோபி என்ற வயதான அம்மாள் வருகிறார். கணவர் நல்லவர்தான், பிள்ளைகளும் வளர்ந்தாகிவிட்டது, இருந்தும் விவாகரத்து வேண்டும். ஏன்? அன்பே இருந்ததில்லை, அவ்வளவுதான். அதனால் தன் புலன்களே மங்கிக்கொண்டு வருவதாகச் சொல்லி, முன்னால் இருக்கும் மேஜையைத் தொட்டுக் காட்டுகிறார். தொட்டால் உணர்வு வறண்டு, மெலிந்து போய்த் தெரிகிறதாம். ஸ்வென் நிக்விஸ்ட்டின் கேமரா முகங்களை விட்டு நகர்வதில்லை. கேட்டுக்கொண்டிருக்கும் மரியானின் முகம் மாறுவதைப் பாருங்கள். பவுலா பற்றி அவளுக்கு அப்போது எதுவுமே தெரியாது.

முதல் எபிசோடில் பத்திரிகைப் பேட்டி ஒன்று. யோஹான் தன் பெருமைகளை அடுக்குகிறான். உங்களைப் பற்றி என்று கேட்டால் மரியானுக்குக் கணவன், இரண்டு பெண்கள் என்பதைத் தாண்டி வார்த்தை வரவில்லை.

அந்த வார்த்தைகள் நான்காவதில் வருகின்றன. பிரிந்தபின் அவன் ஒருநாள் வருகிறான். தன்னைப் பற்றி நோட்டில் எழுதிவைத்ததை முதன்முறையாக வாசித்துக் காட்டுகிறாள். நிமிர்ந்து பார்த்தால் அவன் தூங்கிவிட்டிருக்கிறான். அடிதடி அடுத்த எபிசோடில்தான் வருகிறது. எனக்கு அதைவிட இந்தத் தூக்கம்தான் பயங்கரமாக இருந்தது.