அடுக்கின் மேல் நடக்கும் கணக்கு

கேரளப் பள்ளிகளின் கணிப்பொறிப் பாடத்தில் பைத்தான் என்னும் நிரல்மொழி இடம்பெற்றுள்ளது. ஆசிரியர்களுக்கு அதற்கான பயிற்சியைத் திருவனந்தபுரம் பூஜப்புரையிலுள்ள கைட் நிறுவனம் அளிக்கிறது. அந்நகரின் ஸ்ரீவராகத்தில் ஒரு மாணவன் (அ + ஆ) × இ என்ற கணக்கை அம்மொழியில் எழுதுவதாகக் கொள்வோம். பைத்தான் அதனை ‘அ, ஆ, கூட்டு, இ, பெருக்கு’ என மாற்றிய பின்னரே கணக்கிடுகிறது. அடைப்புக்குறிகள் மறைந்துவிட்டதைக் கவனிக்க.

கல்யாணப் பந்திக்கு அடுக்கிய வாழையிலைகளில் கடைசியாக வைத்ததே முதலில் கைக்கு வரும். நினைவகத்தில் இவ்விதம் ஆளப்படும் பகுதிக்கு அடுக்கு என்று பெயர். அ, ஆ, இ மூன்றும் முறையே 5, 3, 4 எனில், முதலில் 5-ம் அதன்மீது 3-ம் வைக்கப்படும். ‘கூட்டு’ என்னும் கட்டளை அவ்விரண்டையும் எடுத்துவிட்டு 8-ஐ வைக்கும். அதன்மேல் 4 வரும். ‘பெருக்கு’ என்றதும் 32 மட்டுமே எஞ்சும். எண்களை எங்கிருந்து எடுப்பது, விடையை எங்கே வைப்பது என்று கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் சொல்ல வேண்டுவதில்லை. கட்டளை சிறுத்துப்போவது இதனாலேயே.

குறியீட்டை எண்களுக்கு முன்னே எழுதும் முறையைப் போலந்து நாட்டுத் தருக்க அறிஞர் லுகாசியேவிச் வகுத்தார். ஆஸ்திரேலியாவின் சார்லஸ் ஹாம்ப்ளின் 1957-இல் அதனைத் திருப்பி, குறியீட்டைப் பின்னே வைத்தார். அமெரிக்காவின் பரோஸ் நிறுவனம் 1961-இல் அறிவித்த பி 5000 என்னும் பொறி அடுக்கையே அடிப்படையாகக் கொண்டது. அதன் 48 பிட் சொல் ஒன்றில் நான்கு கட்டளைகள் அடங்கின. அடுக்கின் மேலிரு எண்கள் விரைவான பதிவகங்களிலும் மற்றவை நினைவகத்திலும் இருந்தன.

இத்தனை நேர்த்தி இருந்தும் இம்முறை பரவவில்லை. ஒவ்வொரு கட்டளையும் அடுக்கின் உச்சிக்காகக் காத்திருக்க வேண்டும். பல பதிவகங்கள் கொண்ட பொறியோ ஒன்றையொன்று சாராத கணக்குகளை ஒரே வேளையில் செய்யும். ஆயினும் 2014-இல் வால்மீனில் இறங்கிய ஃபிலே கலத்தில் அடுக்கு முறைச் சில்லே இருந்தது. பள்ளி மேசைக் கணிப்பொறியின் சில்லு பதிவக முறையைச் சேர்ந்தது. அதன்மேல் பைத்தான் ஓர் அடுக்குப் பொறியை மென்பொருளால் நடித்துக் காட்டுகிறது. இதனால் வேகம் குறையும். ஆனால் அதே நிரல் வேறுவகைச் சில்லிலும் ஓடும்.

மாணவர் அடிக்கடி இடறும் இடம் ஒன்றுண்டு. தன்னைத்தானே அழைக்கும் செயல்கூறு ஒவ்வொரு முறையும் புதிய ஏடொன்றை முன்னதன்மேல் அடுக்குகிறது. நிறுத்தும் நிபந்தனையை எழுத மறந்தால், ஏறக்குறைய 1000 அழைப்புகளில் பைத்தான் பிழை காட்டி நின்றுவிடும். அவ்வேளையில் ஆசிரியர் விடையைத் திருத்துமுன், வாழையிலைகளைக் கரும்பலகையில் வரைந்து காட்டலாம்.