மழையை எண்ணில் எழுதுவது எப்படி?

தோழியரே, நாளை தாம்பரத்தில் எவ்வளவு மழை பெய்யும்? இக்கேள்விக்குச் சரியான விடையை இன்றே கூற யாராலும் இயலாது. ஒரு துளியும் விழாமல் போகலாம். ஐந்து சென்டிமீட்டரும் பெய்யலாம். இவ்வாறு தற்செயலைப் பொறுத்து மதிப்பு மாறும் அளவைச் சமவாய்ப்பு மாறி என்பர். பத்தாம் வகுப்பில் நாம் படிக்கும் நிகழ்தகவும் திட்டவிலக்கமும் இதற்கு நெருங்கிய உறவினர்கள்.

இத்தகைய மாறிகளைக் கணிப்பொறியில் ஆராய 'ஆர்' என்ற மொழி பயன்படுகிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மன் என்னும் இருவர் 1990-களின் தொடக்கத்தில் இதனை உருவாக்கினர். கூட்டிக் கழிப்பதை அது பார்த்துக்கொள்ளும். வந்த விடையை எப்படிக் காட்டுவது என்பதில்தான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும்.

2015 டிசம்பர் 2-ஆம் நாள் காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47, மீனம்பாக்கத்தில் 35 என மழை பதிவாயிற்று. முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளத்தில் மிதந்ததைப் பெரியோர் இன்றும் சொல்லக் கேட்கிறோம். இம்மூன்று எண்களின் சராசரியைக் கேட்டால் ஆர் 43.66667 என்று காட்டும். நாம் வேறு விதமாகச் சொல்லாவிடில் ஏழு இலக்கங்கள் வரை காட்டுவது அதன் வழக்கம். ஆனால் முழுச் சென்டிமீட்டரில் குறித்த மழையிலிருந்து, சென்டிமீட்டரின் லட்சத்தில் ஒரு பங்கு நமக்கு எப்படித் தெரியவரும்? சுமார் 44 என்று எழுதுவதே நேர்மை. ஆயினும் கணக்கின் நடுவில் எண்ணைச் சுருக்கக் கூடாது. கடைசியில், காட்டும்போது மட்டுமே சுருக்க வேண்டும்.

இன்னொரு வேடிக்கை உண்டு. மீனம்பாக்கத்தை மட்டும் 34.5 என்று எழுதிப் பாருங்கள். வரிசை அழகாக இருக்கட்டும் என்று ஆர் மற்றவற்றையும் 49.0, 47.0 என்று காட்டும். யாரும் அளக்காத அந்தப் பூஜ்யம், அளந்தது போலவே வந்து உட்கார்ந்துகொள்ளும்!

மழைமானி பழுதாகி அளவே கிடைக்காத நாளும் வரும். அங்கே 0 என்று எழுதினால் மழையே இல்லை என்று பொருளாகிவிடும். ஆகவே ஆர் மொழியில் 'என்.ஏ.' என்று குறிப்பர். அப்படி ஓர் எண் இருந்தாலும், அதை ஒதுக்கச் சொல்லாதவரை சராசரிக்கும் என்.ஏ. என்றே விடை வரும். இந்தப் பிடிவாதம் எங்களுக்கு மிகவும் பிடித்தது.

சமவாய்ப்பு மாறியை ஒரே சராசரியால் காட்டுவதும் போதாது. பல ஆண்டுகளின் தினசரி மழையை நிகழ்வுச் செவ்வகமாக வரைந்தால், பூஜ்யத்தருகே உயரமான செவ்வகமும் வலப்பக்கம் மெலிந்து நீளும் வாலும் தெரியும். 49 அந்த வாலின் கோடியில் தனியே நிற்கும். தாளில் இடம் போதவில்லை என்று அச்சை 20-உடன் நிறுத்தினால் வெள்ளமே படத்திலிருந்து மறைந்துவிடும்.

வானிலை அறிக்கையோ இதே மாறியைச் சொற்களால் காட்டுகிறது. 'ஓரிரு இடங்களில்' என்றால் அப்பகுதியின் மழைமானி நிலையங்களில் கால் பங்கு வரை என்று பொருள். 'அதி கனமழை' என்றால் ஒரு நாளில் 204.4 மில்லிமீட்டருக்கு மேல். முன்னது இடத்தைப் பற்றியது, பின்னது அளவைப் பற்றியது. 'ஓரிரு' என்று கேட்டதும் சிறு தூறல் என்று எண்ணுவோர் பலர். அந்த ஓரிரு இடங்களில் ஒன்று தாம்பரமாகவும் இருக்கலாம்.