நாய் ஊரில் ஒரு மீன் தொட்டி!

ராஜபாளையத்தில் குடியிருந்துகொண்டு நாய் வளர்க்காமல் மீன் வளர்த்தால் தெருவே ஒரு மாதிரி பார்க்கும். குரைக்காது, கடிக்காது, வீட்டுக்காரர் கத்தமாட்டார் என்று நம்பித்தான் தொட்டி வாங்கினேன். ஆறே மாதம்! கண்ணாடியெங்கும் கோயில் குளத்துப் படிக்கட்டு மாதிரி பச்சைப் பாசி. ஃபில்டர், மூடி, டியூப் எல்லாவற்றிலும் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெள்ளைப் படிவு.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஆபீஸ் நண்பன் பால்கோவாவோடு நின்றிருக்கலாம். யோசனையும் கொண்டு வந்தான். "பாத்ரூம் ஆசிட்ட ஊத்தி, மேல ப்ளீச்சிங் பவுடரத் தூவு மாப்ளே. பளபளன்னு ஆயிரும்!"

கதவைச் சாத்திக்கொண்டு செய்தேன். சில விநாடிதான். மூக்கு எரிய, தொண்டை அடைக்க, இருமிக்கொண்டே வெளியே ஓடி வந்தேன். கிளம்பியது குளோரின் வாயு. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் இப்ரே நகருக்கு அருகே ஜெர்மன் படை எதிரிகள் மேல் திறந்துவிட்டதும் இதே சரக்குதான்! ஆசிட் என்றில்லை, சமையல் வினிகரைக்கூட ப்ளீச்சிங் பவுடரோடு சேர்க்கக் கூடாது.

விசாரித்தபோதுதான் புரிந்தது. பச்சை என்பது உயிர். வெள்ளை என்பது கல். இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.

வெள்ளை எப்படி வருகிறது? போர் தண்ணீரில் கால்சியம் கரைந்திருக்கிறது. வெயிலில் தண்ணீர் ஆவியாகும், கால்சியம் ஆகாது. குறையக் குறைய நாம் ஊற்றுவதும் அதே உப்புத் தண்ணீர்தானே! இதற்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, சாமான்களைத் தொட்டிக்கு வெளியே ஒரு மணி நேரம் ஊறவைத்தால் போதும். சோடா மாதிரி நுரைத்துக் கரையும். மோட்டார் உள்ள சாமானை முக்கலாமா என்று அதன் அட்டைப்பெட்டியைப் படித்துவிட்டு முக்குங்கள். பிறகு நன்றாக அலசுங்கள்.

பாசிக்குப் பழைய டூத் பிரஷ், கண்ணாடிக்குக் காலாவதியான ஏ.டி.எம். கார்டு. சோப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். ஜன்னல் வெயில் தொட்டியில் விழாமல் பார்த்து, விளக்கை 8 மணி நேரத்தோடு நிறுத்தினால் பாதிப் பாசி வராது.

ஃபில்டர் ஸ்பாஞ்சை மட்டும் 'பளிச்' ஆக்காதீர்கள். மீன் கழிவிலுள்ள அமோனியா விஷத்தை முறிக்கும் பாக்டீரியா குடியிருப்பது அதில்தான். குழாய்த் தண்ணீர் குளோரின் பட்டால் அவை காலி, பின்னாலேயே மீனும் காலி. (என் கோல்டுஃபிஷ் இரண்டு அப்படித்தான் போயின.) தொட்டித் தண்ணீரை ஒரு வாளியில் எடுத்து, அதில் லேசாகப் பிழிந்தால் போதும்.

தண்ணீரில் கை வைக்கும் முன் ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். ஹீட்டர் இருந்தால் கால் மணி நேரம் ஆறவிட்டு எடுங்கள்; சூட்டோடு எடுத்தால் கண்ணாடி விரியும். ஒயரைப் பிளக்குக்குக் கீழே தொங்கும்படி விட்டால், வழியும் தண்ணீர் தரையில் சொட்டும், பிளக்குக்குள் போகாது.

நண்பன் இன்னும் யோசனை சொல்கிறான். நான் பால்கோவாவை மட்டும் வாங்கிக்கொள்கிறேன்.