ஃபைபர் படகுக்குள்ளே உளுத்துப்போகும் மரம்

ஃபைபர் மக்காது என்பது உண்மைதான். ஆனா பழைய ஃபைபர் படகுகள் பலவும் முழுக்க ஃபைபர் இல்லை. என்ஜின் மாட்டும் பின்பலகை, நடக்கும் தளம், பாய்மரத்தைத் தாங்கும் இடம், இங்கெல்லாம் இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே பிளைவுட்டோ கட்டையோ இருக்கும். எடை ஏறாமல் விறைப்பு கிடைக்க இது நல்ல வழி. கோவாவில் கட்டிய நம் கடற்படையின் ம்ஹாதேய் பாய்ப்படகுகூட மரத்துக்கு ஃபைபர் போர்த்தியதுதான். அதில்தான் அபிலாஷ் டோமி 2012-ல் கிளம்பி, எங்கும் நிற்காமல் தனியாளாக உலகைச் சுற்றி, 2013-ல் மும்பை திரும்பினார்.

ஆக, மரம் வைத்தது தப்பில்லை. அதில் ஓட்டை போட்டதுதான் வினை. ஒவ்வொரு போல்ட்டும் ஸ்க்ரூவும் தண்ணிக்கு ஒரு வாசல். உள்ளே போன தண்ணிக்குத் திரும்பி வர வழி கிடையாது. கட்டுமரத்தைப் பாருங்கள்: கரை வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகக் காயப்போடுவார்கள். ஃபைபருக்குள் அடைபட்ட மரத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

மரத்தின் ஈரம் ஏறத்தாழ 20 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் பூஞ்சை பிடிக்கும். அதுக்குக் காற்றும் வேண்டும். அதனால்தான் கிணற்றுக்கு அடியில் மூழ்கியே கிடக்கும் கட்டை கெடுவதில்லை. உப்புத்தண்ணி பூஞ்சைக்கு அவ்வளவாக ஆகாது. கரையில் மூடாமல் போட்ட படகுக்குக் கடலைவிட மழைதான் எதிரி.

நான் இருக்கும் காந்திகிராமத்தில் படகு பார்க்கணும்னா கொடைக்கானல் மலை ஏறணும். ஆனா இந்தச் சிக்கல் நம் கடற்கரைக்கு ரொம்ப நெருக்கம். 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் ஏராளமாக வந்தன. அவற்றுக்கும் வயசாகிறது. நடுக்கடலில் பின்பலகை விட்டுக்கொடுத்தால் போவது என்ஜின் மட்டுமில்லை.

கண்டுபிடிப்பது எளிது. ஒரு நாணயத்தாலோ சின்னச் சுத்தியலாலோ தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் 'டக்'கென்று கேட்கும், கெட்ட இடம் 'பொத்'தென்று கேட்கும். சந்தேகம் இருந்தால் உள்பக்கமாகச் சின்னத் துளை போடுங்கள். வரும் தூள் கறுத்து ஈரமாக இருந்தால் முடிந்தது கதை. ஒன்று மட்டும்: தண்ணி நுழைந்த இடமும் மரம் உளுத்த இடமும் ஒன்றாக இருக்கணும்னு இல்லை. மென்பொருளில் எர்ரர் காட்டும் வரி ஒன்று, பிழை இருக்கும் வரி வேறொன்று என்பது மாதிரிதான்.

துளை வழியாக எபாக்ஸியை ஊற்றிவிட்டால் போதும் என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஈர மரத்துக்குள் அது ஆழமாக இறங்காது. இறங்கினாலும் இற்றுப்போன நாருக்குப் பழைய பலம் திரும்பாது. சொத்தையைச் சுரண்டாமல் பல்லை அடைக்கிற வேலை அது.

சரியான வழி, உள்பக்கத் தோலை வெட்டி எடுப்பது. வெளித்தோலைத் தொடாமல் விட்டால் படகின் வடிவம் கெடாது. உளுத்ததைத் தாண்டி, நல்ல மரத்திலும் கொஞ்சம் சேர்த்தே வெட்டுங்கள். பூஞ்சை கண்ணுக்குத் தெரிவதைவிட அதிக தூரம் போயிருக்கும். பிறகு காயவிடணும். நாள் கணக்கு, சில நேரம் வாரக் கணக்கு. அவசரப்படுகிறவர்கள் கெடுப்பது இந்தக் கட்டத்தில்தான்.

புதுசுக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் வாங்குங்கள். விளிம்புகள் உறிஞ்சுகுழல் மாதிரி தண்ணி குடிக்கும் என்பதால், ஒட்டும் முன்பே அவற்றுக்கு எபாக்ஸி பூசணும். மரத்தோடு பிடிப்பதில் பாலியெஸ்டர் ரெசின் எபாக்ஸிக்குக் கிட்டே வராது. நம்ம ஊர் வெயிலில் கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாக, காலையிலோ சாயங்காலமோ கலக்குங்கள்; ஒரே டப்பாவில் நிறையக் கலந்தால் சூடேறிப் புகையும். மேலே ஃபைபர் போடும் முன், பழைய தோலின் ஓரத்தை அதன் கனத்தைப்போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாக இழைக்கணும். கண்ணாடித் தூசிக்கு நல்ல முகமூடி, கைக்கு உறை கட்டாயம்.

கடைசியாக போல்ட் துளைகள். தேவையைவிடப் பெரிதாகத் துளைத்து, கெட்டியாக்கிய எபாக்ஸியால் அடைத்து, இறுகிய பிறகு அதன் நடுவில் சரியான அளவுக்குத் துளை போடுங்கள். அப்புறம் தண்ணி கசிந்தாலும் எபாக்ஸியைத்தான் தொடும், மரத்தை இல்லை.