சந்தோரினித் தீவின் முந்திரிகைக் கூடைகள்

கிரேக்க நாட்டின் தென்பால், ஏஜியன் கடலில் அமைந்துள்ள சந்தோரினி, 30 சதுர மைலுக்குட்பட்ட ஒரு சிறு தீவாகும். ஏறக்குறைய 3,600 ஆண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்த பெரும் எரிமலைக் குமுறலினால் அதன் நடுப்பகுதி கடலுள் அமிழ்ந்தது. எஞ்சிய நிலத்தைச் சாம்பலும் நுரைக்கல்லும் மூடின. அங்கு ஆறில்லை. ஆண்டு முழுவதிலும் ஏறக்குறைய 15 அங்குல மழையே பெய்யும். அதுவும் பெரும்பாலும் மாரிக்காலத்திலேயே பெய்யும். கோடையில் வடக்கிலிருந்து வன்காற்று வீசும். இத்தகைய நிலத்தில் யாது விளையும் எனக் கமக்காரர் ஐயுறுதல் இயல்பே. எனினும், உலகிற் பெரிதும் விரும்பப்படும் வெள்ளை வைன் வகைகளுள் ஒன்று இங்கேயே உண்டாகின்றது.

கொடியை வளர்க்கும் முறை

நம் நாட்டில் முந்திரிகையைப் பந்தலிற் படரவிடுவர். சந்தோரினியிலோ பந்தல் காற்றுக்கு ஆற்றாது. ஆதலால், அங்குள்ள கமக்காரர் ஆண்டுதோறும் கிளைகளை வளையமாகப் பின்னி, நிலத்தோடு ஒட்டிய கூடைபோற் கொடியை அமைக்கின்றனர். இதனைக் ‘குலூரா’ என்பர். பழக்குலைகள் கூடையினுள்ளே வளர, இலைகள் மேலே நின்று வெயிலையும் மணற்காற்றையும் தடுக்கின்றன. கடலினின்று இரவில் எழும் மூடுபனியின் ஈரத்தை நுரைக்கல் உறிஞ்சி வைத்துப் பகலிற் கொடிக்கு உதவுகின்றது. கொடிகளுக்கிடையே பரந்த இடைவெளி விடப்படுவதால், உள்ள சிறிதளவு நீரும் போதியதாகின்றது. அறுவடை ஆகத்து மாதத்தில் நடைபெறும். குனிந்து நின்று கையாற் பறிக்க வேண்டியிருப்பதால் இயந்திரங்கள் இங்கு பயன்படா.

முதிய வேர்கள்

19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ‘பிலொட்சேரா’ என்னும் சிறு பூச்சி வேரைத் தாக்கி ஐரோப்பாவின் முந்திரிகைத் தோட்டங்களிற் பெரும் பகுதியை அழித்தது. அதன்பின் ஏனைய இடங்களில், அப்பூச்சியைத் தாங்கவல்ல அமெரிக்க இனங்களின் அடிக்கட்டையில் ஒட்டியே கொடிகள் நடப்பட்டன. களி மிகக் குறைந்த சந்தோரினி மண்ணில் அப்பூச்சி வாழ இயலவில்லை. எனவே, அங்குள்ள கொடிகள் இன்றும் தம் சொந்த வேரிலேயே நிற்கின்றன. கூடை முதிர்ந்து பயன் குன்றியதும் அதனை நிலமட்டத்தில் வெட்டுவர்; பழைய வேரிலிருந்தே புதுக்கொடி தளிர்க்கும்.

இனங்கள்

இத்தீவின் தலையாய இனம் அசிர்த்திக்கோ. வெப்பமான இடங்களில் பழம் பழுக்கும்போது இனிப்பு மிகுந்து புளிப்புக் குன்றுவது வழக்கம். அசிர்த்திக்கோ கடும் வெயிலிலும் தன் புளிப்பை இழப்பதில்லை. வைனின் சுவைக்கு இப்பண்பே அடிப்படையாகும். ஆத்திரி, அயிதானி என்பன உடன்சேர்க்கப்படும் இனங்கள். பறித்த பழங்களை இரு வாரமளவு வெயிலில் உலர்த்தி, ‘வின்சாந்தோ’ என்னும் இனிய வைனையும் ஆக்குவர். 1971 ஆம் ஆண்டு முதல் ‘சந்தோரினி’ என்னும் வைன் பெயர் சட்டப் பாதுகாப்புப் பெற்றுள்ளது.

பயணிகளும் நிலமும்

1956 ஆம் ஆண்டின் நிலநடுக்கத்தின் பின் பலர் தீவை விட்டகன்றனர். பின்னர், உல்லாசப் பயணத் தொழில் வளர்ந்து செல்வத்தைக் கொணர்ந்தது. இன்று ஆண்டொன்றில் 20 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அங்கு வருகின்றனர். அவர்களுட் பலர் தோட்டங்களைப் பார்வையிட்டு, கடலை நோக்கிய செங்குத்தான பாறை விளிம்பில் அமர்ந்து வைனைச் சுவைக்கின்றனர். 1947 இல் தோன்றிய கமக்காரர் கூட்டுறவு நிலையமும் அவர்களை வரவேற்கின்றது. இதனால் வைனுக்கு நல்ல விலை கிடைக்கின்றது.

ஆயினும், அப்பயணிகளுக்காக எழும் விடுதிகள் முந்திரிகை நிலத்தையே விழுங்குகின்றன. நிலத்தின் விலை ஏறியுள்ளது. இளைஞர் குனிந்து கொடி பின்னுவதிலும் விடுதித் தொழிலையே நாடுகின்றனர். 2023, 2024 ஆம் ஆண்டுகளில் வறட்சியினால் விளைச்சலும் பெரிதும் குன்றியது.

விடுதியை எங்கும் கட்டலாம். தலைமுறை பலவற்றைக் கண்ட வேரைத் தோண்டி எறிந்தபின் மீண்டும் உண்டாக்குதல் அரிது. விருந்தினர் வரவு கமத்துக்குத் துணை வருமானமாகலாம், நிலமே முதல். முதலை விற்று வட்டியை எதிர்பார்த்தல் பயனற்றது என்பதைச் சந்தோரினியின் கதை கமக்காரருக்கு உணர்த்துகின்றது.