கண்ணீரும் கட்டளையும்

தலைநகரில் மார்கழிக் குளிர் புகும்போது, நம் அன்பர் பலர் வாழும் குடியிருப்புகளின் மாடங்களில் தாள் விண்மீன்கள் ஒளிவிடத் தொடங்கும். அண்டை வீட்டார் திருநாள் நம் திருநாளும் ஆகிவிடும். அவ்வாறு ஒரு முறை பலகாரத் தட்டுடன் வந்த கேரளத்துச் சிரியன் கிறித்தவ அம்மையாரிடம், நம் வீட்டுச் சிறுமி, “இயேசு கடவுள் என்றால் ஏன் அழுதார்?” என்று வினவினாள். அம்மையார் நகைத்து, “இதற்கு விடை சொல்லத்தான் எங்கள் பெரியவர்கள் ஆயிரத்தைந்நூறு ஆண்டு வழக்காடினார்கள், மோளே!” என்றார். அவ்வழக்கை நாமும் சற்று ஆராய்ந்து பார்த்தோம்.

சிறுமி குறித்தது யோவான் நற்செய்தியில் வரும் ஒரு காட்சி. பெத்தானியா ஊரில் நண்பர் லாசரு இறந்து நான்கு நாள் ஆகிவிட்டது. துயருறுவோரைக் கண்டு இயேசு கண்ணீர் விடுகிறார், பின்னர்க் கல்லறை முன் நின்று, வெளியே வருமாறு கட்டளை இடுகிறார், இறந்தவர் வருகிறார். அழுகை மனிதர்க்கு உரியது. இறந்தாரை எழுப்புதல் இறைவனுக்கு உரியது. இரண்டும் ஒருவரிடத்தே பொருந்துவது எங்ஙனம்?

அலெக்சாந்திரியாவின் ஆரியு என்னும் குரு, மகன் தந்தையால் படைக்கப்பட்டவரே என்றார். மன்னர் கான்ஸ்டன்டைன் 325-இல் கூட்டிய நிசேயா சங்கம் அதை மறுத்து, மகன் தந்தையோடு ஒரே பொருளினர் என உறுதிசெய்தது. அப்போலினாரி என்பவரோ மறுகோடிக்குச் சென்று, கிறிஸ்துவுக்கு மனித அறிவு இல்லை. அவ்விடத்தில் இறைவார்த்தையே இருந்தது என்றார். நசியான்சு கிரகோரியார் இதனைக் கடுமையாக எதிர்த்தார்: மனித உள்ளத்தை மேற்கொள்ளாதவர் அவ்வுள்ளத்தின் நோயைத் தீர்ப்பது எவ்வாறு? கிறித்தவருக்கு இது வெறும் சொற்போர் அன்று. அழுதவர் உண்மை மனிதரல்லர் எனில், மனிதர் துயரில் இறைவனுக்குப் பங்கில்லை. அழைத்தவர் இறைவனல்லர் எனில், சாவிலிருந்து மீட்பில்லை.

451-இல் கல்செதோன் சங்கம் கூடிற்று. இலாசரு காட்சியையே சான்றாகக் காட்டிய போப்பு லியோவின் மடல் அங்குப் படிக்கப்பட்டது. கிறிஸ்து ஒருவரே, அவரிடம் இயல்புகள் இரண்டு, அவை கலவாமலும் மாறாமலும் பிளவுறாமலும் பிரியாமலும் உள்ளன என்பது முடிவு. இணைந்தது எவ்வாறு என அச்சங்கம் விளக்க முற்படவில்லை. எவ்வாறெல்லாம் சொல்லலாகாது என்றே வரம்பு கட்டிற்று.

எகிப்து, சிரியா, ஆர்மீனியா நாட்டுத் திருச்சபைகள் இதனை ஏற்கவில்லை. அவற்றின் சொல் ‘மனுவுருவான ஒரே இயல்பு’ என்பது. இரண்டு என்றால் கிறிஸ்து இருவராகிவிடுவாரோ என்பது இவர்கள் அச்சம். ஒன்று என்றால் மனிதத்தன்மை கரைந்துபோகுமோ என்பது அவர்கள் அச்சம். கேரளத்தின் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபை இந்த இரண்டாம் மரபைச் சார்ந்தது.

1964-இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் இரு மரபு அறிஞரும் கூடினர். அதற்கு முன்னின்றவருள் ஒருவர், பின்னர்த் தில்லிப் பேராயராய் விளங்கிய பவுலோஸ் மார் கிரகோரியோஸ். வேறு சொற்களால் இருதிறத்தாரும் ஒரே நம்பிக்கையையே கூறி வந்ததை அவர்கள் கண்டனர். ‘இயல்பு’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல் ஒரு சாராருக்குத் தன்மையையும், மறுசாராருக்கு ஏறத்தாழ ஆளையும் குறித்து வந்தது. 1973-இல் உரோமையின் ஆறாம் பவுலும் எகிப்தின் மூன்றாம் ஷெனூடாவும் இவ்வொருமையைக் கூட்டாக அறிவித்தனர். எனினும் பழம் பிரிவுகள் முற்றும் நீங்கிவிடவில்லை.

‘சம்சாரம்’ என்றால் நமக்கு மனைவி, மலையாளியர்க்குப் பேச்சு, இந்தி பேசுவோர்க்கு உலகம். இதனை நாம் மாடிப்படியிலேயே கற்று, சிரித்து மறந்துவிடுகிறோம். அங்கோ ஒரு சொல் உடன்பிறந்தாரை ஆயிரத்தைந்நூறு ஆண்டு பிரித்துவைத்தது. அயலார் சொல்லைக் கேட்டதும் சினப்பதற்கு முன், அவர் அச்சொல்லால் எதைக் கருதுகிறார் என ஒரு முறை வினவுவோமாக. நம் சிறுமி செய்ததும் அதுவே.