பழைய கணினிக்கு ஒரு சிறிய சேமிப்பகம்

வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் பருவம் வந்துவிட்டால், ஆண்டு முழுவதும் மூலையில் உறங்கிக் கிடந்த வீட்டுக் கணினிக்கும் வேலை வந்துவிடுகிறது. பொத்தானை அழுத்திவிட்டுச் சென்று, காப்பி கலந்து எடுத்துக்கொண்டு திரும்பினாலும், திரையில் அந்தச் சிறு வட்டம் சுழன்றுகொண்டே இருக்கிறது. கணக்கு அறிக்கையைத் திறக்க ஒரு காத்திருப்பு. அதை அச்சிட மற்றொரு காத்திருப்பு. "இது பழசாகிவிட்டது; புதிதாகவே வாங்கிவிடுவோம்" என்று பல குடும்பங்கள் முடிவெடுப்பது இந்த வேளையில்தான். தவணைக் கடனுக்கு விண்ணப்பிக்கும் முன்பு ஒரு கேள்வியை நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். முதுமை அடைந்தது கணினி முழுவதுமா, அல்லது அதன் ஓர் உறுப்பு மட்டுமா?

பல வீடுகளில் விடை இரண்டாவதாகவே இருக்கும். அந்த உறுப்பு, ஹார்ட் டிஸ்க் எனப்படும் வன்தட்டு. அதன் பணியில் ஒரு பகுதியை எஸ்.எஸ்.டி. என்னும் சிறிய திடநிலைச் சேமிப்பகத்திடம் ஒப்படைத்தால், ஏழெட்டு ஆண்டுப் பழைய கணினியும் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். புதுக் கணினியின் விலையில் ஒரு சிறு பங்கே அதற்குச் செலவாகும்.

காத்திருப்பது எதற்காக?

வன்தட்டு என்பது சுழலும் இயந்திரம். மேசைக் கணினிகளில் அது பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கிறது. மடிக்கணினிகளில் 5,400 முறை. இது வேகந்தானே என்று தோன்றலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி ஆகிறது. வேண்டிய தகவல் படிப்பு முனையின் கீழே வந்து சேர, சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன்பாக, முனையைத் தாங்கிய கரம் உரிய தடத்துக்கு நகர வேண்டும். அதற்கு 8 அல்லது 9 மில்லி நொடி. ஆக, ஒரு சிறு துண்டைத் தேடி எடுக்க ஏறத்தாழ 13 மில்லி நொடி செலவாகிறது. நொடிக்கு எழுபத்தைந்து துண்டுகளுக்கு மேல் எடுப்பது அரிது.

கணினி தொடங்கும்போது ஒரே பெரிய கோப்பைப் படிப்பதில்லை. தட்டெங்கும் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படிக்கிறது. அவ்வாறு 7,500 துண்டுகள் தேவைப்படுகின்றன என்று வைத்துக்கொண்டால், தேடுவதிலேயே 100 நொடி போய்விடும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டும் இல்லை. நகரும் கரமும் இல்லை. மின்னணுச் சில்லுகளே தகவலைத் தாங்குகின்றன. ஒரு துண்டை எடுக்க ஏறத்தாழ 0.1 மில்லி நொடி போதும். அதே 7,500 துண்டுகளுக்கு ஒரு நொடிகூட ஆகாது. நுண்செயலி செய்யும் வேலையும் சேர்வதால் தொடக்கம் கண்ணிமைப்பில் முடிந்துவிடாது. ஆயினும் நிமிடக் கணக்கு நொடிக் கணக்காகக் குறையும்.

காசாளரின் இழுப்பறை

"முழு வன்தட்டையும் மாற்றுவதற்குப் பெரிய எஸ்.எஸ்.டி. வேண்டுமே, விலை அதிகமாயிற்றே" என்று சிலர் தயங்குவர். வங்கிக் கிளையை நினைத்துப் பார்த்தால் அத்தயக்கம் நீங்கும். கிளையின் பணம் முழுவதும் காசாளரின் மேசையில் இருப்பதில்லை. அன்றாடம் கைமாறும் தொகை மட்டும் அவருடைய இழுப்பறையில் இருக்கும்; மற்றது பாதுகாப்பு அறையின் பெட்டகத்தில் இருக்கும். ஒவ்வொரு காசோலைக்கும் பெட்டகத்தைத் திறந்து மூடினால் வரிசை தெருவரை நீளும். முழுப் பணத்துக்கும் இழுப்பறை செய்யவேண்டிய தேவையும் இல்லை.

கணினியிலும் அவ்வாறே. அடிக்கடி தேவைப்படும் இயங்குதளமும் மென்பொருள்களும் சிறிய எஸ்.எஸ்.டி.யில் இருக்கட்டும், எப்போதாவது திறக்கும் ஒளிப்படங்கள், திருமணக் காணொளிகள், பழைய கணக்குகள் ஆகியவை வன்தட்டிலேயே இருக்கட்டும். எஸ்.எஸ்.டி. விலை மிகுந்திருந்த காலத்தில் இந்தப் பங்கீட்டைக் கணினியே தானாகச் செய்யும் ஏற்பாடுகளும் வந்தன. இன்டெல் நிறுவனம் 2011இல் இசட்68 சில்லுத்தொகுதியுடன், 64 ஜிகாபைட் வரையிலான சிறு எஸ்.எஸ்.டி.யை வன்தட்டுக்கு முன்னால் நிறுத்தும் நுட்பத்தைத் தந்தது. ஆப்பிள் நிறுவனம் 2012இல் 128 ஜிகாபைட் எஸ்.எஸ்.டி.யையும் 1 டெராபைட் வன்தட்டையும் ஒன்றாகப் பிணைத்தது. லினக்ஸ் கருவில் 2013இல் பிகேஷ் என்னும் வசதி சேர்க்கப்பட்டது. 240 ஜிகாபைட் அளவே எளிதாகக் கிடைக்கும் நிலையில், இத்தகைய தானியங்கு ஏற்பாடு இன்று வீட்டுக்குத் தேவையில்லை. நாமே பிரித்து வைத்துக்கொள்வது எளிது. பழுது வந்தால் புரிந்துகொள்வதும் எளிது.

புணே நகருக்கு இந்தக் கருத்து புதிதன்று. 1988இல் இங்கே தொடங்கப்பெற்ற சி-டாக் நிறுவனம், 1991இல் பரம் 8000 மீக்கணினியை உருவாக்கி நாட்டுக்குப் பெருமை சேர்த்தது. எத்துணை வல்லமை வாய்ந்த கணினியாயினும், தகவல் வந்து சேரும்வரை அதன் நுண்செயலி சும்மாதான் இருக்க வேண்டும். எனவே பெரிய கணினி மையங்களிலும் விரைவான சிறு சேமிப்பகம் முன்னேயும், மெதுவான பெருஞ்சேமிப்பகம் பின்னேயும் அமைகின்றன. அதே ஒழுங்கைத்தான் கிர்க்கியிலோ தேகு ரோட்டிலோ உள்ள ஒரு வீட்டின் மேசைக் கணினிக்கும் நாம் பரிந்துரைக்கிறோம்.

வாங்கும் முன் மூன்று சோதனைகள்

முதலாவது, குற்றவாளி வன்தட்டுதானா என்பதை உறுதி செய்தல். விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். கணினி தவிக்கும் வேளையில், டிஸ்க் என்னும் பத்தி நெடுநேரம் 100 விழுக்காட்டை ஒட்டியே நின்றால் நம் ஐயம் சரி. மெமரி என்னும் பத்தி நிரம்பி வழிந்தால் ரேம் நினைவகமும் போதவில்லை என்று பொருள். 4 ஜிகாபைட் ரேம் உள்ள கணினியில் அதை 8 ஆக்குவதும் உடன் தேவைப்படும்.

இரண்டாவது, பொருந்தும் வடிவம். பழைய கணினிகள் பெரும்பாலானவற்றுக்கு 2.5 அங்குல சாட்டா வகை எஸ்.எஸ்.டி. பொருந்தும். மேசைக் கணினியில் ஒரு சாட்டா கேபிளும் காலியான மின்னிணைப்பும் இருந்தால் போதும். வன்தட்டு அதன் இடத்திலேயே இருக்கலாம். மடிக்கணினியில் பெரும்பாலும் ஒன்றுக்குத்தான் இடம் இருக்கும்; அங்கே வன்தட்டை வெளியே எடுத்து, யு.எஸ்.பி. உறையிலிட்டு வெளிச்சேமிப்பகமாக வைத்துக்கொள்ளலாம். என்.வி.எம்.இ. என்னும் புதிய வகை, சாட்டாவைவிடப் பன்மடங்கு வேகமுடையது என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும். அவ்வேகம் பெரிய கோப்புகளை நகர்த்தும்போது தெரியும். நம் அன்றாடக் காத்திருப்பைக் குறைப்பது தேடும் நேரம். அதில் சாட்டா வகையே பெரும் மாற்றத்தைத் தந்துவிடுகிறது. பழைய தாய்ப்பலகை ஏற்காத ஒன்றுக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, இயங்குதளத்தின் ஆயுள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியையும் குறிப்பிட்ட நுண்செயலிகளையும் கோருகிறது. இன்டெல் வகையில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தையவையுமே அப்பட்டியலில் உள்ளன. எஸ்.எஸ்.டி. வேகத்தைத் தரும், பாதுகாப்புத் திருத்தங்களைத் தராது. திருத்தங்கள் நின்றுபோன கணினியில் இணைய வங்கிச் சேவையைப் பயன்படுத்துவது, பூட்டுப் பழுதான வீட்டில் நகையை வைப்பது போன்றது. விண்டோஸ் 11 ஏற்காத கணினிக்கு லினக்ஸ் ஒரு வழி. சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு இடமளிப்பது.

மாற்றும் நாளில்

முதல் வேலை நகல் எடுத்தல். திருகாணியைத் தொடும் முன்பே முக்கியமான கோப்புகள் அனைத்தும் வேறொரு வெளிச்சேமிப்பகத்தில் இருக்க வேண்டும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் ஆகிய கோப்புறைகளுடன், கடைக் கணக்கு எழுதும் மென்பொருளின் தரவுக் கோப்புறையையும் மறவாமல் நகலெடுங்கள். தமிழ்க் குடும்பங்களுக்கு மற்றொன்றையும் நினைவூட்டுகிறோம். ஒருங்குறி பரவும் முன்பு பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஆவணங்கள் இருப்பின், அவ்வெழுத்துருக் கோப்புகளையும் எடுத்து வையுங்கள். அவையின்றிப் புதிய இயங்குதளத்தில் திறந்தால், தாத்தா எழுதிய குடும்ப வரலாறு பொருளற்ற குறியீடுகளாகவே தோன்றும்.

அடுத்து, கணினியில் பிட்லாக்கர் மறையாக்கம் இயங்குகிறதா என்று பார்த்து, இயங்கினால் அதன் மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதி வையுங்கள். அது தொலைந்தால் தகவலை மீட்க எவராலும் இயலாது. அதன்பின் இரு வழிகள் உண்டு. பழைய தட்டில் உள்ளதை அப்படியே எஸ்.எஸ்.டி.க்கு நகலாக்குவது ஒன்று. இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவது மற்றொன்று. ஆண்டுக்கணக்கில் சேர்ந்த தேவையற்ற மென்பொருள்கள் நீங்குவதால் பின்னதே நன்று. நேரம் சற்றுக் கூடுதலாகும்.

புதவார் பேட்டையின் தப்கீர் கல்லி போன்ற மின்னணுப் பொருள் சந்தைகளில் இப்பணியைச் செய்து தருவோர் உளர். எங்கே வாங்கினாலும் வரிசை எண் குறித்த ரசீதைக் கேட்டுப் பெறுங்கள். உத்தரவாதம் அதை வைத்தே கிடைக்கும். வேலையை அருகிருந்து பாருங்கள். இயலாவிட்டால், நகலெடுத்த பின் வங்கி ஆவணங்களை நீக்கிய நிலையில் கணினியை ஒப்படையுங்கள். உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும் முன்னதாக அழித்துவிடுங்கள்.

எஸ்.எஸ்.டி. விரைவில் தேய்ந்துபோகும் என்ற அச்சம் சிலருக்கு உண்டு. அதில் எழுதக்கூடிய அளவுக்கு வரம்பு உண்டு என்பது மெய். ஆனால் 80 டெராபைட் வரை எழுதலாம் என்று உற்பத்தியாளர் குறிப்பிட்டிருக்கும் ஒன்றில், நாளொன்றுக்கு 20 ஜிகாபைட் எழுதினாலும் அவ்வரம்பை எட்ட 4,000 நாள்கள், அதாவது ஏறத்தாழ பதினோரு ஆண்டுகள் ஆகும். உண்மையான இடர் வேறு. பழுதாகும் வன்தட்டு பலமுறை ஓசையெழுப்பி முன்னறிவிப்புத் தரும், எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் அறிவிப்பின்றியே நின்றுவிடும். ஆகவே அதற்கு மாறிய வீட்டில், நகலெடுக்கும் வழக்கம் முன்னிலும் உறுதியாக இருக்க வேண்டும்.

பழைய தட்டு எங்கே போகிறது?

வன்தட்டை வீட்டிலேயே வைத்துக்கொண்டால் கவலையில்லை. கடைக்காரர் அதை விலைக்குக் கேட்டால் சிந்தியுங்கள். அதில் உங்கள் பான் அட்டையின் படிமம், கணக்கு அறிக்கைகள், கையொப்பத்தின் நகல், பிள்ளைகளின் சான்றிதழ்கள் யாவும் இருந்திருக்கும். கோப்பை நீக்குவதோ, விரைவு முறையில் ஃபார்மேட் செய்வதோ பெயர்ப்பட்டியலைக் கிழிப்பதற்கு ஒப்பானது. பக்கங்கள் அப்படியே இருக்கும். மீட்பு மென்பொருள் ஒன்று போதும், அவற்றைத் திரும்ப வாசிக்க. விரைவு முறையைத் தேர்வு நீக்கி முழுமையாக ஃபார்மேட் செய்தால் விண்டோஸ் தட்டு முழுவதும் சுழியங்களை எழுதுகிறது. சில மணி நேரம் ஆகலாம், ஆகட்டும். இயங்காத தட்டைத் துளையிட்டோ உடைத்தோ பயனற்றதாக்கிய பின்னரே கைவிடுங்கள். அதன் பிறகு அதைக் குப்பைத் தொட்டியில் இடாமல் மின்னணுக் கழிவுச் சேகரிப்பில் சேருங்கள். புணேயில் கழிவு சேகரிக்கும் தொழிலாளர்களே உறுப்பினராக உள்ள ஸ்வச்ச் கூட்டுறவு அமைப்பு, மின்னணுக் கழிவையும் பெற்றுக்கொள்கிறது.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. "உங்கள் கணினி மெதுவாக இயங்குகிறது, சரிசெய்ய இந்த எண்ணை அழையுங்கள்" என்று திரையில் தோன்றும் அறிவிப்பு மோசடியாளரின் தூண்டில். அழைத்தவரைத் தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வைத்து, கணக்கைத் துடைத்துவிடுவர். அப்படி ஏமாற நேர்ந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாழ்த்தாமல் 1930 என்னும் தேசிய இணையக் குற்ற உதவி எண்ணுக்கும், உங்கள் வங்கிக் கிளைக்கும் தெரிவியுங்கள். வேகம் குறைந்ததற்கான காரணம் எது என்று அறிந்த வீட்டில் அந்தத் தூண்டில் எளிதில் சிக்காது. புதுக் கணினிக்கென ஒதுக்கிய தொகையில் மிஞ்சுவதைத் தொடர் வைப்புக் கணக்கில் இட்டு வையுங்கள். இந்தக் கணினி உண்மையிலேயே ஓய்வுபெறும் நாளில், அடுத்ததைக் கடனின்றி வாங்க அது கைகொடுக்கும்.